கொட்டாங்கச்சிக் கணக்கு

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் கணக்கு தப்பில்லை. பட்டாளத்து டீமோடு நடக்கிற ஆட்டத்துக்கு அறுநூற்றுப் பதின்மூன்று பேர் வருவார்கள் என்று எழுதிக் கொடுத்தேன். வந்தவர்கள் அறுநூற்று ஆறு பேர். குறைந்தது ஏழு பேர். அந்த ஏழு பேரில் இரண்டு பேர் அந்த வருஷம் செத்துப்போயிருந்தார்கள். ஒருவன் ரங்கூனுக்குக் கப்பலேறிவிட்டான். மீதி நாலு பேர் ஏன் வரவில்லை என்பதற்கு நான் பொறுப்பாக முடியாது.

இதை இப்படி முழுக்கச் சொல்வதற்கு எனக்கு நாற்பது வருஷம் பிடித்தது. என் கணக்கைத் தப்பு என்று சொன்ன மனிதர் இப்போது உயிரோடு இருக்க வழியில்லை. பக்கத்து வீட்டு ரேடியோவில் கால்பந்து வர்ணனை வரும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் கிளம்புகிறது. "ஆயிரக்கணக்கான ரசிகர்கள்" என்கிறான். எத்தனை ஆயிரம்? யார் எண்ணியது? டிக்கெட்டை எண்ணினானா, தலையை எண்ணினானா? இரண்டும் வேறு வேறு என்பது எனக்குத் தெரியும். அதை நான் தெரிந்துகொண்ட விதம் அவ்வளவு நன்றாக இல்லை.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. காலடிப்பேட்டையில் வீடு, துறைமுகத்தில் டாலி கிளார்க்கு வேலை. கப்பலிலிருந்து மூட்டை இறங்க இறங்க நாலு கோடு நேராகப் போட்டு, ஐந்தாவதைக் குறுக்காக இழுக்க வேண்டும். அதுதான் வேலை, அது மட்டும்தான் வேலை. பள்ளி இறுதி வகுப்பு வரை படித்தவன் வெயிலில் நின்று கோடு போடுகிறானே என்று என் அப்பாவுக்கு வருத்தம். எனக்கு அதில் வருத்தமே இல்லை. சம்பளம் கொடுக்காவிட்டாலும் நான் எண்ணிக்கொண்டுதான் இருப்பேன். வீட்டிலிருந்து துறைமுக வாசல் எட்டாயிரத்துச் சொச்சம் காலடி. சோற்றில் கிடக்கும் கல்லைக்கூடத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்து எண்ணுவேன். என் மனைவி கடைசி வரைக்கும் அதை மன்னிக்கவில்லை.

சனிக்கிழமை அரை நாள் வேலை. மத்தியானம் சங்கு ஊதியதும் நேரே மைதானம். மைதானம் என்று நாங்கள்தான் சொன்னோம். ராயபுரத்துக்கு வடக்கே, கடலுக்கும் ரயில் தண்டவாளத்துக்கும் நடுவில், ஓர் உப்புக் கிடங்கின் பின்புறம் கிடந்த வெற்று நிலம் அது. யாருக்குச் சொந்தம் என்று யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை. கிடங்குச் சுவருக்கும் பழைய தண்டவாளக் கட்டைகளின் குவியலுக்கும் இடையில் இரண்டு ஆள் அகலத்துக்கு ஒரு சந்து. அதுதான் வாசல்.

எங்கள் டீமுக்குக் காகிதத்தில் ஒரு பெயர் இருந்தது. யாரும் அதைச் சொன்னதில்லை. "நம்ம டீம்" என்பார்கள், போதும். பதினோரு பேரில் ஆறு பேர் துறைமுகக் கூலிகள், மூன்று பேர் வண்ணாரப்பேட்டைத் தோல் மண்டியில் வேலை செய்தவர்கள், ஒருவன் ரயில்வே ஒர்க்‌ஷாப்பு, ஒருவன் காத்திவாக்கத்து மீனவன். அத்தனை பேரும் வெறுங்கால். பனியனை வலைக்குச் சாயம் ஏற்றும் பானையிலேயே முக்கி எடுப்பார்கள். மரப்பட்டைச் சாயம், செங்கல்லைப் போல ஒரு பழுப்பு. வெயிலில் வியர்த்துவிட்டால் அந்தப் பனியனிலிருந்து வலை நாற்றம் அடிக்கும். எதிர் டீம்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ரெஃபரியிடம் புகார் சொன்னது இரண்டு தடவை. எங்களுக்கு அதில் பெருமைதான்.

கோல் காப்பவர்தான் கேப்டன். தோல் மண்டியில் கட்டுத் தூக்குகிறவர். எல்லாரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவோம். காத்திவாக்கத்துப் பையன் இடது ஓரத்தில் ஓடுகிறவன். பத்தொன்பது வயது இருக்கும். கடல் மணலில் ஓடிப் பழகியவனுக்குக் கெட்டித் தரை கிடைத்தால் எப்படி இருக்கும், அப்படி ஓடுவான். அவனுடைய அக்கா காசிமேட்டில் வாழ்க்கைப்பட்டவள், கூடையில் மீன் விற்கிறவள். தாய் இல்லாத தம்பியை நாலு வயதிலிருந்து இடுப்பில் வைத்து வளர்த்தவள் அவள்தான். ஆட்டத்தின் சட்டம் அவளுக்கு ஒன்றுகூடத் தெரியாது. பந்து யார் காலில் இருந்தாலும், "எம் தம்பி கைல குட்ரா" என்று கத்துவாள். கையால் கொடுத்தால் ஃபவுல் என்று நான் எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறேன். "நீ கம்மினு எண்ணு கணக்குப்புள்ள" என்பாள்.

அந்தப் பெயர் எனக்கு வந்ததே அவளால்தான். அவள் ஆரம்பித்து வைத்த ஒரு வழக்கம் அதற்குக் காரணம்.

அந்த நிலம் உப்புத் தரை. கோல் கம்பங்களுக்கு நடுவில், பாய் நிற்கிற இடத்தில், வாராவாரம் குழி விழும். ஒரு வருஷம் அந்தக் குழியில் கால் மடங்கிப் பாய் ஒன்றரை மாதம் படுத்துவிட்டார். அவர் திரும்பி வந்த அன்று அக்கா கடற்கரையிலிருந்து ஒரு கொட்டாங்கச்சி நிறைய மணல் அள்ளிவந்து அந்தக் குழியில் கொட்டினாள். யாரும் சொல்லிச் செய்ததில்லை. அடுத்த சனிக்கிழமை அவள் தெருக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஆளுக்கொரு கச்சியோடு வந்தார்கள். அந்த மழைக்காலம் முடிவதற்குள், வெறுங்கையோடு உள்ளே வருவது மரியாதை இல்லை என்று ஆகிவிட்டது. துறைமுக மேஸ்திரி கச்சியோடு வருவார். தோல் மண்டி முதலாளியின் தம்பி சில்க் சட்டை போட்டுக்கொண்டு கச்சியோடு வருவார். மறந்து வந்தவன் கடற்கரைக்குத் திரும்ப ஓடுவான். இல்லாவிட்டால் அக்கா விடமாட்டாள்.

"இன்னா மாமு, ஊட்டுல தேங்கா ஒடைக்கலியா? சும்மா வந்துகீற?"

மணலைக் கொட்டிவிட்டு கச்சியை என் பக்கத்தில் போடுவார்கள். நான் கட்டைக் குவியலின் மேல் உட்கார்ந்து, ஒன்றுக்குள் ஒன்றாக இருபது இருபதாக அடுக்குவேன். ஆட்டம் தொடங்குவதற்குள் எண்ணி முடித்து நோட்டில் எழுதிவிடுவேன். ஆட்டம் முடிந்து போகிறபோது ஆளுக்கொரு கச்சியை எடுத்துக்கொண்டு போவார்கள். இப்படி இரண்டு வருஷம், ஐம்பத்தெட்டு ஆட்டங்கள். எந்த டீமோடு ஆடினோம், மழையா வெயிலா, எத்தனை கச்சி. பிறகு இன்னொரு கட்டம் சேர்த்தேன்: காசிமேட்டிலிருந்து எத்தனை பேர், தண்டையார்பேட்டை எத்தனை, திருவொற்றியூர் எத்தனை, வியாசர்பாடியிலிருந்து நடந்து வருகிறவர்கள் எத்தனை. பக்கத்துத் தண்டவாளத்தில் நிற்கும் வேகன் கூரைமேல் ஏறிக் கச்சி இல்லாமல் பார்க்கிறவர்களுக்குத் தனிக் கட்டம்.

எதற்காக எழுதினேன் என்று கேட்டால், அப்போது எனக்குப் பதில் தெரியாது. இன்றைக்குச் சொல்லலாம். அவர்கள் வந்தார்கள் என்பதற்கு ஒரு சாட்சி வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. மூட்டை இறங்கியதற்குச் சாட்சி இருக்கிறது, மனிதர்கள் வந்ததற்கு இல்லை. இது நல்ல எண்ணம்தானே? இதில் என்ன தப்பு இருக்கிறது என்று இன்று வரைக்கும் எனக்குப் புரியவில்லை.

சோடா கம்பெனி ஏஜெண்டு வந்தது மூன்றாவது வருஷத் தொடக்கத்தில். மெலிந்த மனிதர், வெள்ளை கோட்டு, குடை. பட்டணத்துப் பக்கத்தில் கலர் சோடா போடும் கம்பெனி ஒன்றுக்காக வந்திருந்தார். மூன்று ஆட்டம் ஓரமாக நின்று பார்த்தார். மூன்று தடவையும் கச்சியோடு வந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். நான்காவது தடவை, இந்த டீமை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டார். கையில் நோட்டு வைத்திருந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் எல்லாரும் என்னைக் காட்டினார்கள்.

"எவ்வளவு ஜனம் வரும் சார்?" என்று கேட்டார்.

பக்கத்திலிருந்த கூலி ஒருவன், "ஊரே வரும் சாமி" என்றான்.

எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஊர் என்றால் எத்தனை? நோட்டைப் பிரித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தார். நடுவில் ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"சார், இவ்வளவு சுத்தமா யாரும் எழுதி வெச்சு நான் பாத்ததில்ல. பெரிய கம்பெனியிலகூட இப்படிக் கிடையாது."

துறைமுகத்தில் என்னை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. துரை கூப்பிடுவது "ஏய் டாலி." மேஸ்திரி கூப்பிடுவது "தம்பி." இவர் இரண்டு தடவை பேசியதில் இரண்டு சார். அதையும் எண்ணினேன். ஒரு வாரம் கழித்து, அந்த நோட்டைச் சுத்தமாகப் பிரதி எடுத்து, கூட்டுத் தொகையைச் சிவப்பு மையில் போட்டு அவரிடம் கொடுத்தேன். சாப்பாட்டு நேரத்தில் ஷெட்டில் உட்கார்ந்து எழுதியது, ஆறு நாள் வேலை. அவர் கேட்காமலே, எந்த டீம் வந்தால் எத்தனை பேர் கூடுவார்கள் என்று கடைசிப் பக்கத்தில் என் மதிப்பையும் எழுதி வைத்தேன். பட்டாளத்து டீம்: அறுநூற்றுப் பதின்மூன்று.

இரண்டு மாதத்தில் எல்லாம் நடந்துவிட்டது. டீமைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. யாரிடமிருந்து எடுத்துக்கொண்டது என்று கேட்காதீர்கள். கொடுப்பதற்கு யாரும் இருக்கவில்லை, எடுப்பதற்கு ஆள் இருந்தது. ஆட்டக்காரர்களுக்குப் புது பூட்ஸ். ஆரஞ்சு நிறப் பனியன், நெஞ்சில் சோடா பாட்டில் படம். நாலு பேருக்குக் கம்பெனியில் மாதச் சம்பள வேலை. அந்த நாலு பேரில் இடது ஓரத்துப் பையனும் ஒருவன். பாய்க்கும் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். மண்டியை விட முடியாது, ஆட மட்டும் வருகிறேன் என்றார்.

இதில் யாரைக் குறை சொல்வது? கடலுக்குப் போனால் ஒரு நாள் மீன், ஒரு நாள் பட்டினி. மாதம் பிறந்தால் சம்பளம் என்றால் வேண்டாம் என்பானா? அக்காவே அதைச் சொன்னாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு என் பக்கத்தில் குந்திக்கொண்டு சொன்னாள்.

"வாங்கட்டும் நைனா. பேஜாரு இல்லாத வேல. பூட்ஸு போட்டுகினு ஓடறது பாத்தா பந்தோபஸ்து போலீசு மாதிரி கீறான். அதுக்கின்னா, நம்ம புள்ளதானே."

பிறகு சுவரில் ஒட்டியிருந்த நோட்டீசைக் காட்டி, "அதுல இன்னா எழுதிகீது?" என்று கேட்டாள்.

படித்துச் சொன்னேன். பட்டாளத்து டீமோடு ஆட்டம் இங்கே இல்லை. வண்ணாரப்பேட்டையில் ஒரு மில்லுக்குப் பின்னால் கம்பெனி வாடகைக்கு எடுத்திருக்கிற மைதானத்தில். சுற்றிலும் ஓலைத் தட்டி. உள்ளே போக இரண்டணா.

அவள் யோசித்தாள். "ரெண்டணா பட்டணத்துக்காரனுக்கா?"

"எல்லாருக்கும்தான் போட்டிருக்கு அக்கா."

"நோட்டீசுல அப்படித்தான் போடுவான். வெளியாளுக்குச் சொல்றது அது. நமக்குக் கச்சி கீதே." சுற்றி நின்றவர்கள் ஆமாம் என்றார்கள். "புது எடம். அங்க குழி எம்மாம் பெருசோ. ரெண்டு கச்சியா எடுத்துகினு போவணும்."

அவர்களுக்கு அது சந்தேகமே இல்லாத விஷயமாக இருந்தது. இரண்டு வருஷமாக மணல் கொடுத்து உள்ளே போனவர்கள். மணல்தான் டிக்கெட்டு என்று யாரும் வாயால் சொன்னதில்லை. ஆனால் எல்லாரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். அந்த மில் மைதானத்தில் புல் வளர்த்திருந்தார்கள், குழியே இல்லை, மணலுக்குத் தேவையும் இல்லை. இது எனக்குத் தெரியும். ஏஜெண்டு என்னை அழைத்துப்போய்க் காட்டியிருந்தார். நான் அன்று அக்காவிடம் அதைச் சொல்லவில்லை. ஏஜெண்டிடம்தான் கேட்டேன்: "எங்க ஜனங்களுக்கு ஏதாவது தனி ஏற்பாடு உண்டா சார்?" அவர் என் தோளைத் தட்டி, "பாத்துக்கலாம் சார், பாத்துக்கலாம்" என்றார். அதோடு, அன்றைக்கு வாசலில் டிக்கெட்டைக் கிழித்துப் பாதியை எண்ணுவதற்கு நம்பிக்கையான ஆள் வேண்டும் என்றும் சொன்னார். எண்ணுவதற்கு என்னை விட்டால் யார்?

அந்தச் சனிக்கிழமை நான் தட்டி வாசலில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். முதலில் வந்தவர்கள் எனக்கு முகம் தெரியாதவர்கள். பட்டாளத்து டீமைப் பார்க்க வந்த கோட்டு போட்டவர்கள், மவுண்ட் ரோடு பக்கத்து ஆட்கள். டிக்கெட்டைக் கொடுத்தார்கள், கிழித்தேன், கோடு போட்டேன். பிறகு எங்கள் ஆட்களில் கையில் காசு இருந்த சிலர். அவர்கள் டிக்கெட்டும் வாங்கி, கச்சியும் கொண்டுவந்திருந்தார்கள். மணலை எங்கே கொட்டுவது என்று என்னைக் கேட்டார்கள். கச்சியோடு உள்ளே விடக் கூடாது என்று தட்டிக்கு அருகில் நின்ற கம்பெனி ஆள் சொன்னான். மணலோடு கச்சியைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போகவும் முடியாமல், வெளியே வைக்கவும் மனசு வராமல், வேட்டி மடியில் கட்டிக்கொண்டு போனார்கள்.

பிறகு அக்கா வந்தாள். தலையில் கூடை இல்லை, தலைக்கு எண்ணெய் தடவிச் சீவி, கையில் இரண்டு கச்சி. பின்னால் காசிமேடு முழுவதும்.

"தள்ளு நைனா, நேரமாச்சு."

"டிக்கெட் வேணும் அக்கா."

அவள் சிரித்தாள். நான் விளையாடுகிறேன் என்று நினைத்தாள். "இன்னா, துரை மாதிரி ஸ்டூல் போட்டுகினு. தள்ளு."

நான் தள்ளவில்லை. கம்பெனி ஆள் முன்னால் வந்து கையை நீட்டி மறித்தான். இரண்டணா இருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் ஓரமாக நில் என்றான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"உள்ள ஓடறது யாரு?"

"உங்க தம்பி."

"அவன நான் எப்ப பாக்கணும்னாலும் பாப்பேன். ஊட்டாண்ட வருவான், சோறு போடுவேன். துட்டு குடுத்துப் பாக்கறதுக்கு அவன் இன்னா பொம்ம படமா?" பிறகு மெதுவாகக் கேட்டாள். "நாங்க இத்தினி பேரு வருவோம்னு இவங்களுக்கு எப்படித் தெரியும்? தட்டி இம்மாம் பெருசாக் கட்டி வச்சிகீறான்?"

 என் மடியில் கோடு போட்ட காகிதம் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் என் கோடு தெரியும். இரண்டு வருஷமாகப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தவள்.

"கணக்குப்புள்ள" என்றாள். அவ்வளவுதான். இரண்டு கச்சி மணலையும் என் ஸ்டூலுக்கு முன்னால், வாசலின் நடுவில் கொட்டினாள். கச்சிகளைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்களும் அப்படியே செய்தார்கள். ஒருவன்கூடக் கத்தவில்லை. கத்தியிருந்தால் கம்பெனி ஆளுக்கு அடிக்கச் சௌகரியமாக இருந்திருக்கும். கோல் குழியில் கொட்டுகிற மாதிரி வரிசையாக வந்து, கொட்டி, கச்சியைப் போட்டுவிட்டுப் போனார்கள். மணல் என் முழங்கால் உயரத்துக்கு வந்தது. ஸ்டூலின் கால்கள் புதைந்துவிட்டன.

உள்ளே விசில் ஊதிய பிறகு ஏஜெண்டு வேகமாக வந்தார். மணலைப் பார்த்து, "என்ன சார் இது?" என்றார்.

"டிக்கெட்டு சார்" என்றேன். கிண்டலுக்குச் சொல்லவில்லை. வேறு வார்த்தை வரவில்லை.

அவர் அதைக் காதில் வாங்காமல், "எத்தனை?" என்று கேட்டார். நூற்று இருபத்தேழு என்றேன். அவர் என் பிரதியை எடுத்து, சிவப்பு மை போட்ட கடைசிப் பக்கத்தைக் காட்டினார்.

"அறுநூற்றுப் பதின்மூணுன்னு போட்டிருக்கீங்க. இத நம்பித்தான் மைதானம் எடுத்தேன், தட்டி கட்டினேன். உங்க கணக்கு தப்பு சார்."

நான் அவமானப்பட்டேன் என்று சொன்னால் பொய். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் அக்காவுக்காக வரவில்லை. ஊர் ஜனத்துக்காகவும் வரவில்லை. என் கணக்கைத் தப்பு என்றாரே, அதற்காக வந்தது. அந்த வயதில் நான் எப்படிப்பட்டவனாக இருந்தேன் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ஸ்டூலை விட்டு எழுந்தேன். தட்டிக்கு வெளியே மண்ணில் மண்டியிட்டு உட்கார்ந்து கச்சிகளைப் பொறுக்கி அடுக்க ஆரம்பித்தேன். இருபது இருபதாக. உள்ளே ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. பந்தை உதைக்கிற சத்தம் கேட்டது, பூட்ஸ் காலால் உதைக்கிற சத்தம், அது எனக்குப் பழக்கமில்லாத சத்தம். நடுவில் ஒரு தடவை கைதட்டல் கேட்டது. கோட்டு போட்டவர்களின் கைதட்டல், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. நான் தலை நிமிரவில்லை, பதினேழாவது அடுக்கில் இருந்தேன்.

பிறகுதான் தெரிந்தது, அது இடது ஓரத்துப் பையன் போட்ட கோல். நடுக்கோட்டிலிருந்து தனியாக எடுத்துக்கொண்டுபோய் மூன்று பேரைத் தாண்டிப் போட்டானாம். அவன் வாழ்க்கையிலேயே அதுபோல ஒன்று போட்டதில்லை என்றார்கள். அவனுடைய அக்கா அதைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. தட்டிக்கு அந்தப் பக்கம், பத்து அடி தூரத்தில், கொட்டாங்கச்சி அடுக்கிக்கொண்டிருந்தேன்.

இருபத்தாறு அடுக்கு, மேலே இரண்டு. ஐந்நூற்று இருபத்திரண்டு. எல்லாரும் இரண்டு கச்சி கொண்டுவரவில்லை என்பது எனக்குத் தெரியும். அக்கா மட்டும்தான் இரண்டு. மற்றவர்கள் தலைக்கு ஒன்று. டிக்கெட்டு வாங்கினவர்களில் நம்மவர்கள் எண்பத்தைந்து பேர், அவர்கள் கச்சியை மடியில் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள்; மீதி கோட்டு போட்டவர்கள், அவர்கள் என் மதிப்பில் சேரவில்லை. ஐந்நூற்று இருபத்தொன்றும் எண்பத்தைந்தும் அறுநூற்று ஆறு.

ஆட்டம் முடிந்ததும் ஏஜெண்டிடம் போய்ச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர்தான்.

"சரி சார். வந்தாங்க. ஆனா வாங்கலியே. வாங்காதவன எண்ணி எனக்கு என்ன பிரயோஜனம்?"

என் பிரதியைத் திருப்பிக் கேட்டேன். ஆபீசில் தேவைப்படும் என்றார். அது எனக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை கம்பெனி டீமுக்கு ஆட்டம் இல்லை. சங்கு ஊதியதும் கால் தானாகப் பழைய மைதானத்துக்குப் போனது. அங்கே யாரும் இருக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். சந்துக்கு வருவதற்கு முன்னாலேயே சத்தம் கேட்டது. கச்சியோடு போய்க்கொண்டிருந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை, ஆட்டம் என்று யாரும் சொல்லவில்லை. சனிக்கிழமை என்பதால் வந்தார்கள். பாய் பழைய பழுப்புப் பனியனோடு கோல் கம்பத்துக்கு நடுவில் நின்று, கொட்டுகிற மணலைக் காலால் மிதித்துச் சமப்படுத்திக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும், "வா கணக்கு" என்றார். "அங்க மில்லாண்ட எம் பின்னால சத்தமே இல்ல. சத்தம் இல்லாம நிக்கறது, கபர்ஸ்தான்ல நிக்கற மாதிரி கீது. தோஸ்துங்க யாராச்சும் பதினோரு பேரு சேரட்டும், நாம ஆடலாம்."

சந்தில் அக்கா நின்றிருந்தாள். என் கையைப் பார்த்தாள். நான் கச்சி கொண்டுவந்திருந்தேன், கடற்கரைக்குப் போய் அள்ளிக்கொண்டு. அதில் அவள் குறை காணவில்லை. என் கக்கத்தில் இருந்த நோட்டைத்தான் பார்த்தாள். புது நோட்டு, முதல் பக்கத்தில் கட்டம் போட்டு வைத்திருந்தேன்.

"அத்த அங்க வச்சிட்டு வா."

"அக்கா, இது நமக்காகத்தான்..."

"எண்ணாம நிக்கறதா இருந்தா உள்ள வா. எண்ணுவேன்னா அந்தச் சோடாக்காரனாண்ட போ."

ஆறேழு பேர் சிரித்தார்கள். ஒருவன், "அவரு எண்ணாம இருந்தா செத்துப்பூடுவாரு அக்கா, கலீஜா பூடும், வுட்டுடு" என்றான். அவள் சிரிக்கவில்லை. அவள் தம்பி போட்ட கோலைப் பற்றி யாரோ அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். என்னை அவள் அதற்காகத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நோட்டைக் கட்டைக் குவியலின் சந்தில் செருகிவிட்டு உள்ளே போனேன். மணலைக் கொட்டினேன். கச்சிகள் சும்மா ஒரு மூலையில் குவிந்துகிடந்தன, யாரும் அடுக்கவில்லை. பாய் பக்கம் பதினோரு பேர், எதிர்ப் பக்கம் பதினான்கு பேரோ பதினைந்து பேரோ. நாற்பது வயது கூலிகள், தொப்பை வைத்த மேஸ்திரி, தோல் மண்டி முதலாளியின் தம்பி சில்க் சட்டையைக் கழற்றிவிட்டு. ஆட்டம் என்று சொல்லவே வெட்கமாக இருந்தது. நான்கு பேர் மோதி விழுந்தார்கள். அக்கா வழக்கம்போல் கத்தினாள். "எம் தம்பி" என்று ஆரம்பித்து நடுவில் நிறுத்திவிட்டு, "யார் கைலயாச்சும் குட்ரா" என்றாள்.

கம்பெனி டீம் அந்த வருஷம் முடிவதற்குள் கலைந்துவிட்டது. தட்டியைப் பிரித்து விற்றுவிட்டார்கள். ஏஜெண்டு அதற்குப் பிறகு பயாஸ்கோப் கொட்டகைகளின் திரையில் சோடா விளம்பரம் போடப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். பையனுடைய வேலை மட்டும் நிலைத்தது. பாட்டில் கழுவும் பிரிவில் சேர்ந்து, கண்காணிப்பு ஆளாகி, வயதாகி வெளியே வந்தான். அவனுக்கு அது நல்லதுதான். காத்திவாக்கத்தில் ஓட்டு வீடு கட்டினான். பூட்ஸ் இல்லாமல் அவன் மறுபடி ஆடியதே இல்லை. பழைய மைதானத்தில் ரயில்வேக்காரர்கள் இன்னும் நாலு தண்டவாளம் போட்டார்கள்.

எனக்கு ஆற்றாமை இதெல்லாம் இல்லை. அந்தச் சனிக்கிழமைதான். எண்ணாமல் நிற்பதாக ஒப்புக்கொண்டு உள்ளே போனவன், கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். முதலில் நாற்பத்தொன்று வரை எண்ணிவிட்டேன், என்னை மீறி. அக்கா திரும்பிப் பார்த்தாள். என் உதடு அசைந்திருக்கும். நிறுத்திவிட்டேன். அதற்கப்புறம் நிஜமாகவே எண்ணவில்லை.

அதனால் அன்றைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. முந்நூறு இருக்கும். வேகன் கூரையையும் சேர்த்தால் நானூறு. டீமே இல்லாத ஓர் இடத்துக்கு, டிக்கெட்டு இல்லாத ஓர் ஆட்டத்துக்கு, யாரும் கூப்பிடாமல் வந்தவர்கள். எல்லாவற்றையும் எழுதி வைத்த எனக்கு, எழுதி வைத்திருக்க வேண்டிய ஒன்று அதுதான். இப்போதும் மூலையில் கிடந்த அந்தக் கச்சிக் குவியலை மனசுக்குள் கொண்டுவந்து அடுக்கிப் பார்க்கிறேன். நாலாவது அடுக்கிலோ ஐந்தாவது அடுக்கிலோ சரிந்துவிடுகிறது.